வாங்காத கடனும் வந்த அவப்பெயரும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ரெட்டியார்பாளையம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, தையல் வேலை, மாசக் கூட்டம், இதுதான் என் உலகம். மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. "உனக்கு நடந்ததை மத்தவங்களுக்கும் சொல்லு, யாருக்காவது உதவும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால வந்தேன். என் கதையைக் கொஞ்சமாவும், அதுல கத்துக்கிட்டதை நிறையவும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம தெரு முனை மளிகைக் கடையில கணக்கு நோட்டு இருக்கும். நம்ம பேருக்கு ஒரு பக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய்னு வாங்கினதை அண்ணாச்சி எழுதி வைப்பார். அந்தப் பக்கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வாங்கின சர்க்கரையை எழுதிட்டா நாம சும்மா இருப்போமா? "அண்ணாச்சி, இது நான் வாங்கலை, அடிங்க"ன்னு அங்கேயே நின்னு கேட்போம். அதுல நமக்கு வெட்கமே கிடையாது. ஏன்னா நோட்டு அவரோடதா இருந்தாலும் கணக்கு நம்மோடது.

வங்கிக் கடனுக்கும் அப்படி ஒரு நோட்டு இருக்கு. அதைத்தான் சிபில்னு வாய்ப்பேச்சில சொல்றோம். உண்மையில நம்ம நாட்டுல அந்த நோட்டை எழுதற கம்பெனிங்க நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005-ல வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டு, ரிசர்வ் வங்கி உரிமம் கொடுத்து நடக்கிற கம்பெனிங்க. நாம எங்க கடன் வாங்கினாலும், எப்ப கட்டினாலும், எப்ப தவறினாலும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவங்களுக்கு அனுப்புது. 2025 ஜனவரி 1 முதல் 15 நாளைக்கு ஒரு தடவை அனுப்பணும்னு விதி வந்துச்சு. இதையெல்லாம் வெச்சு 300-லேர்ந்து 900 வரைக்கும் ஒரு மதிப்பெண் போடறாங்க. நம்ம குழு மூலமா வாங்கற கடனையும் உறுப்பினர் வாரியா அனுப்பணும்னு 2016-லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. அதனால "நான் கார்டே வெச்சுக்கலை, எனக்கு எதுக்கு சிபில்"னு யாரும் நினைக்க வேண்டாம். இந்த மண்டபத்துல இருக்கிற முக்காவாசிப் பேருக்கு அந்த நோட்டுல ஒரு பக்கம் இருக்கும்.

எனக்கு என்ன ஆச்சுன்னா, 2024 ஜூலை மாசம் எங்க குழு, வங்கியில கடனுக்கு விண்ணப்பம் போட்டுச்சு. 12 பேர், தலைக்கு 50,000 ரூபாய். நான் பவர் மிஷினும் ஓவர்லாக் மிஷினும் வாங்கி, பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்கணும்னு இருந்தேன். ஜூலை 8, திங்கட்கிழமை, ஊக்குநர் அக்காவையும் பிரதிநிதியையும் வங்கியில கூப்பிட்டாங்க. "11 பேருக்குப் பிரச்சினை இல்லை. இந்த ஒருத்தர் பேர்ல கிரெடிட் கார்டு பாக்கி இருக்கு, பல மாசமா கட்டலை. இவங்களை எடுத்துட்டு வேற தீர்மானம் எழுதிக்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க.

கிரெடிட் கார்டை நான் கையால தொட்டது கூடக் கிடையாது. அந்த வங்கியில எனக்குக் கணக்கும் இல்லை. அந்த வங்கிப் பேரை இங்க சொல்ல வரலை, அது நமக்குத் தேவையும் இல்லை. எந்த வங்கியிலயும் இது நடக்கலாம்.

அன்னைக்குச் சாயந்திரமே குழுக் கூட்டம் போட்டாங்க. ஒருத்தி பேரால 11 பேர் கடன் நிக்குதுன்னா மனசுல என்ன ஓடும்னு உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறந்த நேரம், எல்லாருக்கும் பணத் தேவை. "நிஜமாவே வாங்கலையா? வீட்டுக்காரர் ஏதாச்சும் வாங்கியிருப்பாரா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. கோபத்துல கேட்கலை, பயத்துல கேட்டாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அப்போ எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க: "எட்டு வருஷமா இவ சந்தா ஒரு மாசம் தவறினது இல்லை, நோட்டுல இருக்கு. முதல்ல என்ன எழுதியிருக்குன்னு பார்ப்போம். பேரை எடுக்கிற பேச்சே வேண்டாம்." அந்த வார்த்தையை என் உயிர் உள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்.

அடுத்த நாள் கூட்டமைப்பு ஆபீஸ்ல விசாரிச்சதுல ஒரு விதி கிடைச்சது. குழுக் கடன் பத்தி ரிசர்வ் வங்கி போட்டிருக்கிற சுற்றறிக்கையில, குழு தன் கடனை ஒழுங்கா கட்டியிருந்தா, ஒருசில உறுப்பினர் தனியா வெச்சிருக்கிற பாக்கியைக் காரணமா காட்டி குழுவுக்குக் கடன் தராம இருக்கக் கூடாதுன்னு இருக்கு. பாக்கி வெச்சவருக்கு அந்தப் பணத்தைக் கொடுக்காம இருந்தாப் போதும். அந்தத் தாளை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினதும் வங்கியில ஒத்துக்கிட்டாங்க. 11 பேருக்குக் கடன் வந்துச்சு. என் பேரும் குழுவுல நின்னுச்சு. என் பங்கு மட்டும் நின்னுபோச்சு. இந்த விதியை எல்லாக் குழுவும் மனசுல வெச்சுக்கணும். இது தெரியாம எத்தனை பெண்களைக் குழுவை விட்டு வெளியே அனுப்பியிருப்போமோ!

அப்புறம் என் அறிக்கையை எடுத்தோம். இந்த நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமா கொடுக்கணும். 2017 ஜனவரி முதல் இது நடைமுறையில இருக்கு. என் பொண்ணு அப்போ பதினொண்ணாவது. அவ போன்லயே எடுத்துக் கொடுத்தா. அறிக்கையை எப்படிப் படிக்கிறதுன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க.

மேல நம்ம பேரு, பிறந்த தேதி, பான் நம்பர், விலாசம், போன் நம்பர் இருக்கும். கீழ ஒவ்வொரு கடனுக்கும் மாசத்துக்கு ஒரு கட்டம். அதுல 000-ன்னு இருந்தா பாக்கி இல்லைன்னு அர்த்தம். 30, 60, 90-ன்னு இருந்தா அத்தனை நாள் தவறியிருக்குன்னு அர்த்தம். கடைசியில, நம்ம அறிக்கையை எந்தெந்த வங்கி எந்தத் தேதியில எடுத்துப் பார்த்துச்சுன்னு ஒரு பட்டியல் இருக்கும். நாம கடனே கேட்காத வங்கி அதுல இருந்தா, நம்ம பேர்ல வேற யாரோ கேட்டிருக்காங்கன்னு சந்தேகப்படணும்.

என் அறிக்கையில பேரு என்னுது, பான் என்னுது. ஆனா போன் நம்பர் என்னுது இல்லை. விலாசம் நான் போகாத ஒரு வெளியூர். கார்டுல 38,640 ரூபாய் எடுத்திருக்காங்க. வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 61,000-த்தைத் தாண்டி நிக்குது. திருடினவன் தன்னோட போன் நம்பரைக் கொடுத்ததால எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட வரலை.

இதைக் கேட்டா "நம்மள மாதிரி ஏழைங்களைத்தான் ஏமாத்துவாங்க"ன்னு தோணும். அப்படி இல்லைங்க. 2023 மார்ச்ல டெல்லி போலீஸ் ஐந்து பேரைப் பிடிச்சாங்க. அவங்க யார் பேர்ல கார்டு வாங்கினாங்க தெரியுமா? கிரிக்கெட் ஆடற தோனி, நடிகர் அபிஷேக் பச்சன், நடிகைங்க ஷில்பா ஷெட்டி, மாதுரி தீட்சித் பேர்ல! ஜி.எஸ்.டி. நம்பர் இணையத்துல எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கும். அதுல முதல் ரெண்டு எண் மாநிலத்தோட குறியீடு, அடுத்த பத்து எழுத்து அந்த ஆளோட பான் நம்பர். அதை எடுத்து, பேரும் நம்பரும் பிரபலங்களோடது, போட்டோ மட்டும் தங்களோடதுன்னு போலிப் பான் கார்டு அடிச்சாங்க. வீடியோவுல முகத்தைச் சரிபார்த்தா, முகமும் கார்டும் பொருந்தும்தானே! பிடிபடறதுக்குள்ள 21 லட்சத்துக்கு மேல எடுத்துட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம், 2022 பிப்ரவரியில, நடிகை சன்னி லியோன் தன் பான் நம்பரை வெச்சு யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிட்டாங்க, தன் மதிப்பெண் கெட்டுப்போச்சுன்னு வெளியில சொன்னாங்க. ஆக, இது நம்ம விதியும் இல்லை, நம்ம குற்றமும் இல்லை. கார்டு கொடுக்கிறவங்க ஆளைச் சரியாப் பார்க்காம கொடுத்ததால வர்றது.

இனி நான் செஞ்சதை வரிசையா சொல்றேன்.

ஜூலை 10-ஆம் தேதி, அறிக்கை கொடுத்த கம்பெனிக்கு இணையத்துலயே ஆட்சேபம் போட்டோம். "இந்தக் கணக்கு என்னுது இல்லை"ன்னு குறிக்க ஒரு இடம் இருக்கு. ஆனா அந்தக் கம்பெனி தானா எதையும் அழிக்க முடியாது. கார்டு கொடுத்த வங்கியைக் கேட்கும், வங்கி சொல்றதைத்தான் எழுதும். ஜூலை 31-ல பதில் வந்துச்சு: "வங்கி சரிபார்த்தது. தகவல் சரியே." அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பார்த்துட்டு நான் ராத்திரி சாப்பிடலை.

நிறைய பேர் இங்கதான் விட்டுடறாங்க. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சேன்னு நினைக்கிறாங்க. அக்கா தங்கச்சிங்களே, கம்ப்யூட்டர் எதையும் சரிபார்க்கலை. வங்கியில ஒருத்தர் தன் ஏட்டைப் பார்த்து, ஏட்டுல இருக்குன்னு சொன்னார். ஏட்டுல தப்பா எழுதினதைத்தானே நாம கேட்கிறோம்! அதனால ரெண்டாவது தடவை, ஆதாரத்தோட கேட்கணும்.

முதல்ல மத்திய அரசோட சைபர் குற்றப் புகார் இணையதளத்துல புகார் பதிஞ்சேன். அதோட நகலை எடுத்துக்கிட்டுப் போய் போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்துல புகார் கொடுத்து ரசீது வாங்கினேன். பிறகு ஆகஸ்ட் 12-ல, அந்த வங்கியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால் அனுப்பினேன். அதே கடிதத்தை மின்னஞ்சல்லயும் போட்டோம். "எனக்கு நீதி வேணும்"னு மட்டும் அதுல எழுதலை. நாலு கேள்வி கேட்டேன்.

ஒண்ணு, கார்டுக்கு நான் கொடுத்ததா சொல்ற விண்ணப்பத்தோட நகல் எங்கே? ரெண்டு, அதுல ஒட்டின போட்டோவும் போட்ட கையெழுத்தும் யாருது? மூணு, கார்டை எந்த விலாசத்துல, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க? நாலு, பணம் எந்தக் கடையில, எந்த ஊர்ல செலவாச்சு? இதோட என் ஆதார் நகல், வாக்காளர் அட்டை, கேஸ் புக், குழுப் பாஸ்புக் எல்லாம் வெச்சேன். நான் ரெட்டியார்பாளையத்துலதான் இருக்கேன், மாசா மாசம் குழுக் கூட்டத்துல இருந்திருக்கேன்னு காட்ட, எங்க தீர்மான நோட்டுல என் கையெழுத்து இருக்கிற பக்கங்களையும் நகல் எடுத்து வெச்சோம்.

தீர்மான நோட்டு இப்படியும் உதவும்னு அதுவரைக்கும் யாரும் நினைக்கலை. நான் எப்பவும் தமிழ்லதான் கையெழுத்துப் போடுவேன். பின்னாடி அந்த விண்ணப்ப நகல் வந்தப்போ, அதுல இங்கிலீஷ்ல சுழிச்சுச் சுழிச்சு ஒரு கையெழுத்து! போட்டோவுல வேற ஒரு பொம்பளை. மாசா மாசம் "கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடு"ன்னு எங்க பிரதிநிதி திட்டுவாங்க. அந்தத் திட்டுக்குத்தான் இன்னைக்கு நன்றி சொல்றேன்.

நடுவுல இன்னொரு கஷ்டம். புகார்ல என் சொந்த போன் நம்பரைக் கொடுத்தேனில்லையா, வசூல் பண்றவங்க அந்த நம்பருக்குக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. முதல்ல மிரட்டல், அப்புறம் இனிப்பு. "61,000 வேண்டாம்மா, 20,000 கட்டிடுங்க, செட்டில்மென்ட் போட்டு முடிச்சுடலாம்." என் மாமனார் பயந்துட்டார். "ஊரு நாலு பேசும்மா. மானம் பெருசு. நகையை வெச்சாவது கட்டித் தொலைச்சிடலாம்"னார். வீட்டுக்காரரும் பேசாம இருந்தார். அவங்களைக் குறை சொல்லலை. கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, அவங்களுக்குக் கட்டறதுதான் மானம்.

ஆனா நான் கட்டலை. ஏன்னு சொல்றேன். ஒரு ரூபா கட்டினாலும் அந்தக் கடன் என்னுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ரெண்டாவது, குறைச்சுக் கட்டி முடிச்சா அறிக்கையில "செட்டில்டு"ன்னு எழுதுவாங்க. அது முழுசா கட்டினதா ஆகாது. பேரம் பேசி முடிச்சதுன்னு அடுத்த வங்கி படிக்கும். இந்த மாதிரித் தகவலைக் குறைஞ்சது ஏழு வருஷம் வெச்சிருக்கணும்னு விதி. 20,000 கொடுத்து ஏழு வருஷத்துக்குக் கெட்ட பேரை வாங்கிக்கணுமா? மாமனார்கிட்ட இதைத்தான் சொன்னேன்: "மாமா, அண்ணாச்சி கடை நோட்டுல வேற யாரோ வாங்கின சர்க்கரைக்கு நாம காசு கொடுப்போமா?" அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "கொடுக்க மாட்டோம்"னார். அதோட விட்டுட்டார்.

வசூல் பண்றவங்க காலை 8 மணிக்கு முன்னாலயும் ராத்திரி 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. நான் ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், நம்பர் எழுதி வெச்சேன். "புகார் நடக்குது, எழுத்துல கேளுங்க"ன்னு ஒரே பதில். அதுக்கு மேல பேச்சுக் கொடுக்கலை.

30 நாள் ஆச்சு, வங்கியிலிருந்து பதில் இல்லை. செப்டம்பர் 16-ல ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஓம்பட்ஸ்மேனுக்குப் புகார் போட்டோம். 2021 நவம்பர் 12-ல தொடங்கின திட்டம் இது. 2022 செப்டம்பர்லேர்ந்து இந்தக் கடன் தகவல் கம்பெனிங்க மேலயும் இதுல புகார் போடலாம். காசு கிடையாது. வக்கீலும் தேவையில்லை. இணையத்துல போடலாம், இல்லைன்னா இந்திய ரிசர்வ் வங்கி, 4-வது மாடி, செக்டர் 17, சண்டிகர் 160017-ங்கிற விலாசத்துக்குத் தபால்ல அனுப்பலாம். சந்தேகம் இருந்தா 14448-க்குப் போன் போட்டுத் தமிழ்லயே கேட்கலாம். ஒண்ணு மட்டும் முக்கியம்: முதல்ல வங்கிக்கு எழுதி 30 நாள் காத்திருக்கணும். நேரா இங்க போனா திருப்பி விட்டுடுவாங்க.

அங்க புகார் போன பிறகு வங்கிக்கு வேகம் வந்துடுச்சு. விண்ணப்ப நகலை அனுப்பினாங்க. கையெழுத்தும் போட்டோவும் வேறன்னு பார்த்து, மோசடின்னு ஒத்துக்கிட்டாங்க. அக்டோபர் 21-ல என் அறிக்கையிலிருந்து அந்தக் கணக்கை எடுத்துட்டாங்க. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்துச்சு.

இன்னொரு சந்தோஷம் கேளுங்க. தப்பைத் திருத்தச் சொல்லி 30 நாளைக்குள்ள திருத்தலைன்னா, அதுக்கு மேல ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் நமக்குக் கொடுக்கணும்னு 2023 அக்டோபர்ல ரிசர்வ் வங்கி ஆணை போட்டுச்சு. 2024 ஏப்ரல் 26 முதல் அது நடைமுறையில இருக்கு. வங்கி 21 நாளைக்குள்ள கம்பெனிக்குச் சரியான தகவலை அனுப்பணும், மொத்தம் 30 நாளைக்குள்ள முடியணும். யார் தாமதம் பண்றாங்களோ அவங்க கொடுக்கணும். ஆகஸ்ட் 12-லேர்ந்து அக்டோபர் 21 வரைக்கும் 70 நாள். 30 போக 40 நாள். 4,000 ரூபாய் என் கணக்குல ஏறுச்சு. தொகை பெருசு இல்லை. ஆனா அந்தக் காசை எடுத்தப்போ, கடன்காரின்னு எழுதின கையே எனக்குக் கடன்பட்டு நின்ன மாதிரி இருந்துச்சு.

நவம்பர்ல வங்கி எனக்குத் தனிக்கடன் கொடுத்துச்சு. மிஷின் வந்துச்சு. அந்த வருஷத்து யூனிஃபார்ம் ஆர்டர் போனது போனதுதான். அந்த நஷ்டத்தை யாரும் கொடுக்கலை. அதையும் மறைக்காம சொல்லணும்.

இப்போ விதிகளைச் சுருக்கமா சொல்றேன். பேப்பர், பேனா இருந்தா குறிச்சுக்கோங்க.

கிரெடிட் கார்டு பத்தி 2022 ஏப்ரல் 21-ல ரிசர்வ் வங்கி போட்ட ஆணைகள் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துச்சு. நாம கேட்காம கார்டு கொடுக்கக் கூடாது. கேட்காத கார்டைக் கொடுத்து பில் போட்டா, அதை ரத்து பண்றதோட, அந்தத் தொகையைப் போல ரெண்டு மடங்கு அபராதம் கொடுக்கணும். கேட்காத கார்டை யாராவது தப்பா உபயோகிச்சா நஷ்டம் கார்டு கொடுத்தவங்களுக்குத்தான், நமக்கு இல்லை. பாக்கின்னு அறிக்கையில எழுதறதுக்கு முன்னாடி ஏழு நாள் நோட்டீஸ் கொடுக்கணும். தகராறு நடக்கிற கணக்குன்னா, தகராறு முடிஞ்ச பிறகுதான் பாக்கின்னு சொல்லலாம். இதையெல்லாம் கடிதத்துல ஒரு வரி எழுதினாலே, படிக்கிறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

இது யாரோ நம்ம பேர்ல கார்டு வாங்கினா. நம்மகிட்டயே இருக்கிற கார்டுல, கணக்குல திருடு போனா வேற வழி. அங்க நேரம்தான் உயிர். உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்கணும், 1930-க்குப் போன் பண்ணணும். தப்பு நம்ம பக்கமும் இல்லாம வங்கிப் பக்கமும் இல்லாம வேற எங்கேயோ நடந்திருந்து, தகவல் வந்த மூணு வேலை நாளைக்குள்ள நாம சொல்லிட்டா நமக்கு நஷ்டமே கிடையாதுன்னு 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொல்லுது. நாலுலேர்ந்து ஏழு நாள்னா கொஞ்சம் நம்ம தலையில விழும். நம்ம தப்புன்னு காட்ட வேண்டிய பொறுப்பு வங்கிக்குத்தான். அசாம்ல ஒருத்தர் கணக்குலேர்ந்து 94,204 ரூபாய் போச்சு. அவர் 24 மணி நேரத்துக்குள்ள புகார் கொடுத்துட்டார். வங்கி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடுச்சு. 2025 ஜனவரி 3-ல உச்ச நீதிமன்றம் வங்கிதான் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு.

இவ்வளவு எதுக்கு, கடன் வாங்காமலே இருந்துட்டாப் போச்சேன்னு சிலர் நினைக்கலாம். கடனோட முடியற விஷயமில்லை இது. வங்கி அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட கடன் பதிவுல பாக்கிகள் இருந்ததால நியமனத்தை ரத்து பண்ணினாங்க. அது சரிதான்னு 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. அவருடையது உண்மையான பாக்கி. நாளைக்கு நம்ம புள்ளைங்க பேர்ல எவனோ வாங்கின பொய்ப் பாக்கி இருந்தா? படிச்சு, பரீட்சை எழுதி, வேலைக்குத் தேர்வான பிறகா அது தெரியணும்?

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, எல்லாக் குழுவும் வருஷத்துக்கு ஒரு மாசக் கூட்டத்துல உறுப்பினர் அத்தனை பேரோட அறிக்கையையும் எடுத்துப் பார்க்கணும். நாலு கம்பெனி இருக்கிறதால மூணு மாசத்துக்கு ஒண்ணா நாலு தடவை இலவசமாவே பார்க்கலாம். எங்க குழுவுல இப்படிப் பார்த்ததுல, ரெண்டு பேருக்குக் கட்டி முடிச்ச கடன் இன்னும் முடியாத மாதிரி இருந்துச்சு. ரெண்டையும் திருத்தியாச்சு.

ரெண்டாவது, ஆதார், பான் ஜெராக்ஸ் எங்க கொடுத்தாலும், "இன்ன காரியத்துக்கு மட்டும்"னு குறுக்கே எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பழக்கத்தை எல்லாருக்கும் சொல்லித் தரணும். முதல் எட்டு எண் மறைச்ச ஆதாரையும் இணையத்துல எடுக்கலாம். அது போதும்னா அதையே கொடுங்க. ஆதார் சம்பந்தமா கேட்க 1947 நம்பர் இருக்கு.

மூணாவது, இந்த மாதிரி ஒருத்திக்கு நடந்தா அவளைத் தனியா விடக் கூடாது. கடிதம் எழுத, இங்கிலீஷ்ல வந்த பதிலைப் படிச்சுச் சொல்ல, கூடப் போக, கூட்டமைப்புல ரெண்டு பேரை நியமிக்கணும். அதுக்கும் மேல வேணும்னா, வருமானம் பார்க்காம எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி கொடுக்கணும்னு சட்டமே இருக்கு, 15100-க்குக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயும் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லாம வழக்குப் போடலாம்.

பேரை எடுத்துட்டு வான்னு சொன்னப்போ எங்க குழு என் பேரை எடுத்திருந்தா, 11 பேர் கடனும் அன்னைக்கே வந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனா நான் இத்தனை கடிதம் எழுதியிருக்க மாட்டேன். 20,000-த்தைக் கட்டிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டோட இருந்திருப்பேன். அறிக்கையில இருக்கிறது ஒரு ஆளு எழுதினது. ஆளு எழுதினதை அடிக்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கு. அதுக்குக் கூட நிக்க ஒரு குழு வேணும், அதுதான் நம்மகிட்ட இருக்கே!

அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது பான் கார்டும் போனும் எடுத்துக்கிட்டு வாங்க. அன்னைக்கே ஆரம்பிப்போம்.